சமவெளிக் கார்ட்டர் ஈற்றில் மூன்று அல்பினோ மட்டும்: எஞ்சிய குட்டிகளை எப்படிக் கணக்கில் கொள்வது?

கேள்வி: வரிக்கோடன்

வணக்கம். இயல்பு நிறக் கார்ட்டர் பாம்புகளை (உடலில் வரிகள் ஓடும் வட அமெரிக்கப் பாம்புகள்) சில ஆண்டுகளாக வளர்த்துவந்த நான், இப்போது அவற்றின் அரிய நிறவகைகளைச் சேர்ப்பதிலும் பெருக்குவதிலும் இறங்கியிருக்கிறேன். முதல் ஈற்றிலேயே என்னால் விடைகாண முடியாத ஒரு சிக்கல் எழுந்துள்ளது.

சென்ற இலையுதிர் காலத்தில், முழு வளர்ச்சியடைந்த சமவெளிக் கார்ட்டர் பெண் ஒன்றை வாங்கினேன். முதுகின் நடுவே ஆரஞ்சு வரியும் பக்கங்களில் கறுப்புப் புள்ளிகளும் கொண்ட, எவ்வகையிலும் மாறுபாடில்லாத பாம்பு அது. அல்பினோ வழியோடு, அதாவது கறுப்பு நிறமி இல்லாத பாம்புகளின் பரம்பரையோடு, அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருந்தார். குளிர்கால உறக்கம் முடிந்ததும் இளவேனிலில் அதை ஓர் அல்பினோ ஆணுடன் விட்டேன். அவை இணைந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். கோடையில் 22 குட்டிகள் பிறந்தன. மூன்று குட்டிகள் சிவந்த கண்களோடும் வெளிறிய இளஞ்சிவப்பு உடலோடும் இருக்கின்றன. இளங்கார்ட்டரின் சிவந்த நாக்கில் வழக்கமாகத் தெரியும் கறுப்பு நுனி அவற்றுக்கு இல்லை. ஆகவே அவை அல்பினோ என்பதில் ஐயமில்லை. மற்ற 19 குட்டிகளும் தாயைப் போலவே இருக்கின்றன.

தாய் அந்த மரபணுவைச் சுமக்கவில்லை என்றால் ஓர் அல்பினோகூடப் பிறந்திருக்க முடியாது. சுமக்கிறது என்றால் ஏறத்தாழப் பாதிக் குட்டிகள் அல்பினோவாக இருந்திருக்க வேண்டும். மூன்று என்பது இரண்டு கணக்குக்கும் பொருந்தவில்லை. தந்தை அல்பினோ என்பதால், இயல்பு நிறக் குட்டிகள் 19-ஐயும் உறுதியான ஹெட் என்று, அதாவது நிறத்தை வெளிக்காட்டாமல் மரபணுவைச் சுமப்பவை என்று எழுதி மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து, வேறு மூலத்தில் தொடங்கிய அல்பினோ பெண் ஒன்று எனக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது. என் மூன்று அல்பினோக்களில் ஆணாக இருப்பதை அதனுடன் இணைத்தால், பிறப்பவை அனைத்தும் அல்பினோவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது சரிதானா?

பதில்: ஓடைக்கரை

வணக்கம். உங்கள் ஈற்றின் திறவுகோல் நீங்கள் பார்த்த இணைவில் இல்லை. நீங்கள் பார்க்காத இணைவில் இருக்கிறது என்பது என் கருத்து.

கார்ட்டர் பாம்புகள் இளவேனிலில் மட்டும் இணைபவை அல்ல. இலையுதிர் காலத்திலும் இணைகின்றன. அந்த விந்தணுக்களைப் பெண் குளிர்காலம் முழுவதும் உடலுக்குள் சேமித்து வைத்து, அடுத்த இளவேனிலில் கருவுறப் பயன்படுத்தக்கூடியது. அத்துடன், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையர் இருப்பது இந்தப் பேரினத்தில் பலமுறை உறுதி செய்யப்பட்ட செய்தி. இணைந்த பின் ஆண், பெண்ணின் கழிவாய்க்குள் கூழ் போன்ற ஓர் அடைப்பை விட்டுச் செல்கிறது. அது அடுத்த ஆணைச் சில நாள்கள் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உள்ளே இருக்கும் விந்தணுக்களை ஒன்றும் செய்யாது. நீங்கள் இலையுதிர் காலத்தில் வாங்கிய பெண், அதற்கு முன் விற்றவரின் ஆண்களோடு ஒரே தொட்டியில் இருந்திருந்தால், உங்கள் வீட்டுக்கு வரும்போதே அது தனியாக வரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அல்பினோ ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணுவின் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளித்தெரியும். ஆகவே அந்த மூன்று குட்டிகளும் ஆளுக்கொரு பிரதியைத் தாயிடமிருந்து பெற்றே ஆக வேண்டும். தாய் ஹெட் என்பது இதனால் முடிந்துபோன செய்தி. விற்றவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எதுவாயினும் அது செல்லாது. அடுத்து, 22 குட்டிகளுக்கும் உங்கள் அல்பினோ ஆணே தந்தை என்றால், மூன்றோ அதற்குக் குறைவாகவோ அல்பினோ பிறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2300-இல் ஒன்று. நடக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன்; ஆனால் வேறு எளிய விளக்கம் கையில் இருக்கும்போது அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

எளிய விளக்கங்கள் இரண்டு. முதலாவது, முந்தைய ஆண் ஒன்று அந்த மரபணு இல்லாதது. பெரும்பாலான குட்டிகள் அதனுடையவை, ஒரு சில மட்டுமே உங்கள் ஆணுடையவை. இரண்டாவது, முந்தைய ஆணும் ஹெட். உங்கள் ஆணின் பங்கு மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. இரண்டு ஹெட்கள் சேர்ந்தால் நான்கில் ஒன்று அல்பினோவாகப் பிறக்கும் என்பதால், 22-இல் ஐந்து அல்லது ஆறு எதிர்பார்க்கலாம். மூன்றோ குறைவாகவோ பிறப்பது ஆறில் ஒரு முறை நேரக்கூடியதுதான். விற்றவரிடம் தன் பெண்ணே ஹெட் என்று தெரியாமல் இருந்திருக்கிறது என்றால், அதன் உடன்பிறந்த ஆணோ உறவு ஆணோ அதே தொட்டியில் ஹெட்டாக இருந்திருப்பதும் இயல்பே.

இதிலிருந்து உங்கள் 19 குட்டிகளுக்கு வருவோம். அல்பினோ தந்தையின் பிள்ளை என்றால் உறுதியான ஹெட். ஹெட் தந்தையின் பிள்ளை என்றால், இயல்பு நிறத்தில் இருப்பவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு ஹெட். மரபணு இல்லாத தந்தையின் பிள்ளை என்றால் பாதிக்குப் பாதி. எந்தக் குட்டி எந்தத் தந்தைக்குரியது என்று பார்வையால் சொல்ல வழியில்லை. ஆகவே உறுதியான ஹெட் என்று எழுதிக் கொடுப்பதற்கு உங்களுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

பதில்: செவ்வரி

ஓடைக்கரை சொன்ன காரணத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். முடிவில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். முதல் விளக்கத்தை எடுத்துக்கொண்டால், உங்கள் ஆணுக்குரியவை ஏறத்தாழ ஆறு குட்டிகள், அவற்றுள் மூன்று அல்பினோ, மூன்று உறுதியான ஹெட் என்று வரும். எஞ்சிய 16-இல் பாதி ஹெட். மொத்தமாகப் பார்த்தால் 19-இல் 11 ஹெட், அதாவது 58 விழுக்காடு. இரண்டாவது விளக்கத்தில் 66 விழுக்காடு. எந்த வழியில் போனாலும் 50-க்கு மேல்தான் நிற்கிறது. இதை வெறும் 50 விழுக்காடு என்று குறைத்து எழுதுவது, நல்ல வாய்ப்புள்ள குட்டிகளை மதிப்பிழக்கச் செய்வதாகாதா? 60 என்று எழுதுவதே உண்மைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: ஓடைக்கரை

செவ்வரி அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் வாங்குபவர் ஒரு சீட்டில் 66 என்று பார்த்தால், பெற்றோர் இருவரும் ஹெட் என்று புரிந்துகொள்வார். 50 என்று பார்த்தால் ஒருவர் மட்டும் ஹெட் என்று புரிந்துகொள்வார். 100 என்றால் ஒருவர் அல்பினோ. இந்த எண்கள் வளர்ப்பாளர்களுக்கிடையே பெற்றோரைப் பற்றிய கூற்றாகவே வழங்கிவருகின்றன. 60 என்று ஓர் எண் எழுதினால் அதற்குரிய பெற்றோர் இணை எதுவும் இல்லை. படிப்பவர் தாமே ஒரு கதையைக் கட்டிக்கொள்வார். தாய் ஹெட், தந்தை உறுதியில்லை, அல்பினோ ஆணோடு இணைந்தது, முன்பே இணைந்திருக்கக்கூடும் என்று நான்கு சொற்றொடர்களில் உண்மையை எழுதி, அதன் கீழே 50 என்று குறைந்தபட்ச எண்ணை இடுவதே சரி. இந்தப் பொழுதுபோக்கில் ஒரு நிறவகையின் மதிப்பு அதன் நிறத்தில் பாதி, அதன் ஏட்டில் பாதி. ஏடு கெட்டால் மூன்று தலைமுறைக்குப் பிறகு எவராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சோதித்துப் பார்ப்பதற்குக் கார்ட்டரைப் போல் வசதியான பாம்பு குறைவு. ஈற்று பெரிது என்பதே காரணம். 19-இலிருந்து இரண்டு மூன்று பெண்குட்டிகளைத் தேர்ந்து, பிறந்ததிலிருந்தே எந்த ஆணும் அண்டாமல் தனியே வளர்த்து, பருவம் வந்ததும் அதே வழியைச் சேர்ந்த ஓர் அல்பினோ ஆணுடன் இணைத்துப் பாருங்கள். ஓர் அல்பினோ பிறந்தாலும் அந்தப் பெண் ஹெட் என்று முடிவாகிவிடும். அல்பினோவே இல்லாமல் ஏழு குட்டிகள் பிறந்தால், அந்தப் பெண் ஹெட்டாக இருந்தும் அப்படி நேர்ந்திருப்பதற்கான வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். 15 குட்டிகள் என்றால் கேள்வியே இல்லை. தன்னந்தனியே வளர்ப்பதுதான் இதில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியது. ஆண் உடன்பிறப்புகள் பெண்களைவிட முன்னதாகவே பருவமடையும். பால் பிரிக்காமல் ஒரே தொட்டியில் விட்டுவைத்தால், இன்றைய குழப்பம் அடுத்த தலைமுறையிலும் தொடரும். வாலின் நீளத்தையும் அடிப்பகுதியின் பருமனையும் வைத்துப் பிரிப்பது ஓரளவு உதவும், ஏனெனில் ஆணுக்கு வால் நீளமாகவும் தொடக்கத்தில் தடித்தும் இருக்கும். ஆயினும் இளங்குட்டிகளில் ஐயமிருந்தால் அனுபவமுள்ளவரிடம் காட்டுவது நல்லது.

பதில்: ஏரிமணல்

உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வேறு மூலத்து அல்பினோவை இணைத்தால் பிறப்பவை அனைத்தும் அல்பினோவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அனைத்தும் இயல்பு நிறத்தில் பிறக்கவும் கூடும்.

அல்பினோ என்பது நாம் பார்க்கும் விளைவின் பெயர். அதற்குக் காரணமான மரபணுவின் பெயரன்று. மெலனின் என்னும் கறுப்பு நிறமி உருவாவதற்குப் பல படிகள் உள்ளன. எந்தப் படி முறிந்தாலும் கறுப்பு மறைந்துவிடும் அல்லது மங்கிவிடும். நிறமியைத் தொடங்கிவைக்கும் டைரோசினேஸ் என்னும் நொதி வேலை செய்யாத பாம்பும், அது வேலை செய்தும் வேறு படியில் தடைபட்ட பாம்பும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியலாம். சோளப்பாம்பின் புகழ்பெற்ற அல்பினோ வகைக்குக் காரணம் டைரோசினேஸ் மரபணு அல்ல, ஓசிஏ2 என்னும் வேறொரு மரபணுவில் புகுந்த டி.என்.ஏ. துண்டு என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கார்ட்டரிலும் ஒவ்வோர் அல்பினோ வழியும் தனித்தனியே காட்டில் அகப்பட்ட ஒரு பாம்பிலிருந்து கிளைத்தது என்பதால், இரண்டும் ஒரே மரபணுவின் கோளாறு என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. வேறு வேறு மரபணு என்றால், அந்த இணைவின் குட்டிகள் இரண்டு மரபணுவுக்கும் ஹெட்டாக, இயல்பு நிறத்தோடு பிறக்கும். அதன்பின் அந்தக் குட்டிகளின் குட்டிகளில் தோன்றும் அல்பினோ எந்த வழியைச் சேர்ந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தெளிவாக இருந்த இரண்டு வழிகள் ஒரே இணைவில் கலங்கிவிடும். ஆகவே அந்தப் பெண்ணை வாங்குவதானால், அதன் வழியைத் தனியே பெருக்குவதற்காக வாங்குங்கள். பொருந்துமா என்று அறிய ஒரே ஒரு சோதனை இணைவு செய்தாலும், அந்தக் குட்டிகளை வெளியே விடாதீர்கள்.

இதே ஆசையில்தான் சிலர் இனங்களையும் கிளையினங்களையுமே கலக்கிறார்கள். செக்கர்டு கார்ட்டரின் அல்பினோவைச் சமவெளிக் கார்ட்டருக்குள் கொண்டுவருவது, சிவப்புப் பக்கக் கார்ட்டரின் நிறத்தைக் கிழக்குக் கார்ட்டருக்குள் கொண்டுவருவது போன்றவை நடக்கின்றன. இரண்டாம் தலைமுறையில் அவை ஏதோ ஒரு பெயரில் தூய வகையாகக் கைமாறத் தொடங்கும். நிறம் ஒன்றுக்காக ஓர் இனத்தின் தலை வடிவத்தையும் செதில் வரிசையையும் வரி நிற்கும் இடத்தையும் அழிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. கார்ட்டரில் பக்கவரி எந்தச் செதில் வரிசையில் ஓடுகிறது என்பதே இனத்தை அடையாளம் காணும் குறி. சமவெளிக் கார்ட்டருக்கு அது மூன்றாவது, நான்காவது வரிசைகளில் ஓடும். கிழக்குக் கார்ட்டருக்கு இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் ஓடும். வாங்கும் பாம்பை நல்ல வெளிச்சத்தில் பிடித்து, வயிற்றுச் செதிலுக்கு மேலிருந்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள். அல்பினோவிலும் வரி தெரியும். எண்ணிக்கை இடையிடையே தடுமாறினால் கலப்பு என்று ஐயப்படலாம்.

சேர்க்கை வகை வேண்டும் என்றால் ஓர் இனத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. அல்பினோவையும், சிவப்பும் மஞ்சளும் இல்லாத அனெரி வகையையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுவதும் இயல்பு நிறமாக, இரண்டுக்கும் ஹெட்டாகப் பிறக்கும். அவற்றைத் தமக்குள் இணைத்தால் 16-இல் ஒன்று இரு பண்பும் கொண்ட ஸ்னோவாக வரும். 22 குட்டிகளுள்ள ஈற்றிலும் நான்கில் ஒரு முறை ஒரு ஸ்னோகூடப் பிறக்காமல் போகும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால், ஏமாற்றம் இல்லாமல் காத்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: வரிக்கோடன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 19 குட்டிகளையும் ஓடைக்கரை சொன்னபடியே எழுதிக் கொடுக்கப் போகிறேன். மூன்று பெண்களை மட்டும் சோதனைக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அல்பினோ குட்டிகளை வளர்ப்பதில் தனிக் கவனம் தேவையா? இந்த ஈற்றைத் தவிர, கிழக்குக் கார்ட்டரின் முழுக் கறுப்பு வகையையும் ஃப்ளோரிடா நீல வகையையும் சேர்க்க விரும்புகிறேன். அவையும் இதே கணக்கில் வருபவைதாமா?

பதில்: செவ்வரி

வளர்ப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அல்பினோக்களுக்குக் கடும் வெளிச்சம் ஒவ்வாது. ஒளிந்துகொள்ள இடம் கூடுதலாக வையுங்கள், மற்றபடி வேறுபாடில்லை. ஆனால் நிறம் எதுவாயினும் உணவு கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பெட்டியில் விடுங்கள். இரண்டு குட்டிகள் ஒரே மண்புழுவின் இரு முனைகளையும் கவ்விக்கொண்டால், எதுவும் விடாது. நடுவில் வாயும் வாயும் முட்டும்போது பெரியது தாடையை விரித்துச் சிறியதன் தலையையும் சேர்த்தே விழுங்கத் தொடங்கிவிடும். அப்படி இழக்கப்படுவது உங்கள் மூன்றில் ஒன்றாக இருந்தால் ஈடு செய்ய முடியாது. செம்புழு என்று உரக்குழிகளுக்கு விற்கப்படும் சிறு புழுக்களைத் தவிர்த்துப் பெரிய மண்புழுக்களையே கொடுங்கள். மீன் கொடுப்பதானால் தங்கமீனும் ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீனும் வேண்டாம். அவற்றிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும், குட்டிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்க நேரிடும். உறைய வைப்பதால் அந்த நொதி அழிவதில்லை. டிரவுட், சால்மன், திலாப்பியா ஆகியவற்றில் அச்சமில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் புழுவின் வாசனையைத் தடவிப் பிஞ்சு எலிக்குப் பழக்கிவிட்டால் உணவுக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

பதில்: ஏரிமணல்

கறுப்பு வகை உங்கள் கணக்கிலேயே வரும். அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியைச் சுற்றிய சதுப்பு நிலங்களிலும் தீவுகளிலும் முழுக் கறுப்புக் கிழக்குக் கார்ட்டர்கள் காட்டிலேயே கணிசமாக வாழ்கின்றன. தாடையின் கீழே சிறிது வெள்ளை எஞ்ச, மற்றபடி வரியே இல்லாத கருமை. அது ஒடுங்கு பண்பு என்பதை ஃபிராங்க் பிளான்சர்டும் ஃபிரீடா பிளான்சர்டும் என்னும் ஆய்வாளர் இணையர் வளர்ப்பு இணைவுகளின் மூலம் 1941-இலேயே நிறுவினார்கள். இலையுதிர் கால இணைவு பலன் தருகிறது என்பதற்கான சான்றும் அதே ஆய்வில் வந்தது என்பதை உங்கள் ஈற்றை முன்னிட்டுச் சொல்ல விரும்புகிறேன். கறுப்பு ஆணையும் இயல்புப் பெண்ணையும் இணைத்தால் குட்டிகள் இயல்பாகவே பிறக்கும். மரபணு மறைந்துபோகவில்லை, அடுத்த தலைமுறையில் வெளிவரும். கறுப்புக்குக் கறுப்பு என்றால் அனைத்தும் கறுப்பு.

நீலம் வேறு கதை. ஃப்ளோரிடாவின் வளைகுடாக் கரையோரம் வாழும் கிளையினத்தின் இயல்பான நிறமே அது. 1965-இல் தனிக் கிளையினமாக விவரிக்கப்பட்டது. ஒரே மரபணுவால் வரும் நிறமன்று, ஆகவே ஹெட் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. நீலம் செறிந்த பெற்றோரைத் தலைமுறைதோறும் தேர்ந்தெடுப்பதால்தான் வளர்ப்பில் அது நிலைக்கிறது. வேறு கிளையினத்தோடு கலந்தால் நிறம் கரைந்துபோகும். நீல ஹெட் என்று யாராவது விற்க வந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

காட்டில் ஒரு விநோத நிறப் பாம்பு அகப்பட்டது என்று சொல்லி யாரேனும் கொடுத்தாலும் கவனம் தேவை. அமெரிக்காவில் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கனடாவிலும் மாகாணந்தோறும் அப்படியே. மாநில விதியை மீறிப் பிடித்த பாம்பை எல்லை தாண்டிக் கொண்டுசென்றால், 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது கூட்டரசுக் குற்றமும் ஆகும். எல்லோரும் விரும்பும் சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் 1967 முதல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவில் வளர்ப்பாளர்களிடம் அது தலைமுறைகளாகப் பெருகியிருந்தாலும், அமெரிக்காவில் தனியார் எவரும் அதை அனுமதியின்றி வைத்திருக்க முடியாது.

உங்கள் தாய்ப் பாம்புக்கு ஒரு குறிப்பு. அடுத்த இளவேனிலில் அதே அல்பினோ ஆணை மட்டுமே சேர்த்து, குட்டிகளை எண்ணிப் பாருங்கள். பாதியளவில் அல்பினோ வந்தால் அந்த ஈற்றின் இயல்பு நிறக் குட்டிகளை உறுதியான ஹெட் என்று கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். மீண்டும் வெகுவாகக் குறைந்தால், பழைய விந்தணு இன்னும் இருக்கிறது என்று கொண்டு, இந்த ஆண்டு எழுதிய சீட்டையே அப்போதும் எழுதுங்கள்.